நெடும் பயணமும் இரத்த உறைவும் தடுப்பூசியும்: விமானிகளும் அடிக்கடி பறப்போரும் அறிய வேண்டியவை

நீண்ட விமானப் பயணத்தால் காலில் இரத்தம் உறையலாம் என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளது. 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுள் மிகச் சிலருக்கு மூளையின் சிரைகளில் இரத்தம் உறைந்த செய்தி ஐரோப்பாவிலிருந்து வந்ததும், இவ்விரு அச்சங்களும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. தடுப்பூசி போட்டவர்கள் விமானத்தில் ஏறக்கூடாது என்றும், விமானிகள் தடுப்பூசியால் இறக்கிறார்கள் என்றும் செய்திகள் கைபேசி வழியே பரவின. இவற்றுள் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்று பிரித்தறிய வேண்டுமானால், பயணத்தால் வரும் உறைவு, தடுப்பூசியால் அரிதாக வந்த உறைவு, நோய்த்தொற்றால் வரும் உறைவு ஆகிய மூன்றையும் தனித்தனியே நோக்க வேண்டும். மூன்றுக்கும் காரணம் வேறு, காலம் வேறு, தடுக்கும் வழியும் வேறு என்பதே இவ்வத்தியாயத்தின் மையக் கருத்தாகும்.

1. சிரையில் இரத்தம் உறைவது எவ்வாறு

காயம் பட்ட இடத்தில் இரத்தம் உறைவது உயிர்காக்கும் செயல். காயமில்லாத இரத்தக்குழாய்க்குள்ளேயே உறையும்போதுதான் அது நோயாகிறது. 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய நோய்க்குறியியல் அறிஞர் ருடால்ஃப் விர்ஷோவின் பெயரால் வழங்கும் விளக்கத்தின்படி இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன: இரத்த ஓட்டம் தேங்குதல், குழாயின் உட்சுவர் சிதைதல், இரத்தத்தின் உறையும் தன்மை மிகுதல். இம்மூன்றில் ஒன்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. இரண்டோ மூன்றோ ஒருங்கே சேரும்போது ஆபத்து பெருகுகிறது.

காலின் தசைகளுக்கு உள்ளே ஆழத்தில் ஓடும் சிரைகளில் இரத்தம் கட்டியாக உறைவது ஆழ்சிரை இரத்த உறைவு எனப்படும். அக்கட்டி அல்லது அதன் ஒரு துண்டு பிய்ந்து, இதயத்தின் வலப்புறம் வழியாகச் சென்று நுரையீரலின் தமனியை அடைத்தால் அது நுரையீரல் தமனி அடைப்பு. முன்னது வலியும் வீக்கமும் தருவது; பின்னது சில நிமிடங்களில் உயிரைப் பறிக்க வல்லது.

கால் சிரைகளிலுள்ள இரத்தம் புவியீர்ப்பை எதிர்த்து மேலேற வேண்டியிருப்பதால், இதயத்தின் உந்துதல் மட்டும் அதற்குப் போதுவதில்லை. கெண்டைக்கால் தசை சுருங்கும்போது சிரைகள் நசுங்கி இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. தசை தளரும்போது சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள் மூடி, ஏறிய இரத்தம் மீண்டும் இறங்காமல் தடுக்கின்றன. தெருவோர அடிபம்பும் இதே முறையில்தான் நீரை ஏற்றுகிறது. கைப்பிடியை அசைக்காதவரை நீர் ஏறாததைப் போலவே, அசையாத காலில் இரத்தம் தேங்கி நிற்கிறது. இருக்கையின் விளிம்பு முழங்காலின் பின்புறத்தை அழுத்தினால் தேக்கம் மேலும் கூடுகிறது.

2. பயணத்துக்கும் உறைவுக்கும் உள்ள தொடர்பு

இத்தொடர்பு விமானத்தில் முதலில் கண்டறியப்பட்டதன்று. இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் வான்தாக்குதலுக்கு அஞ்சிப் பதுங்கிடங்களில் மடக்கு நாற்காலிகளில் இரவு முழுதும் அமர்ந்திருந்தோரிடையே நுரையீரல் தமனி அடைப்பால் நேர்ந்த மரணங்களைத் தடயவியல் மருத்துவர் கீத் சிம்ப்சன் 1940-இல் பதிவு செய்தார். அமெரிக்காவின் பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் ஜான் ஹோமன்ஸ், நெடுநேரம் அமர்ந்திருந்ததால் ஆழ்சிரை உறைவு கண்டோரைப் பற்றி 1954-இல் எழுதியபோது, அவர்களுள் விமானப் பயணிகளும் இருந்தனர். குறைந்த கட்டண வகுப்பின் நெருக்கமான இருக்கைகளோடு இணைத்து இந்நோய்க்குப் பின்னாளில் ‘எகானமி கிளாஸ் நோய்’ என்ற பெயர் ஏற்பட்டது. எனினும் உயர்வகுப்பில் பயணம் செய்வோரும் இதிலிருந்து முற்றிலும் விலக்குப் பெற்றவரல்லர்.

உலக சுகாதார நிறுவனம் முன்னின்று நடத்தி 2007-இல் முதற்கட்ட முடிவுகளை வெளியிட்ட ஆய்வுத் திட்டத்தின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாது அமர்ந்து செல்லும் பயணம் சிரை உறைவின் வாய்ப்பை ஏறத்தாழ இரண்டு மடங்காக்குகிறது. ஆயினும் உடல்நலம் உள்ளோரிடையே உண்மையான அளவு ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவரே. இவ்வாய்ப்பு விமானத்துக்கு மட்டும் உரியதன்று. பேருந்து, ரயில், கார் ஆகியவற்றுக்கும் பொருந்தும். ஆகவே சென்னையிலிருந்து லண்டனுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் பறப்பவருக்குச் சொல்லப்படும் அறிவுரை, சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு இரவுப் பேருந்தில் அமர்ந்து செல்பவருக்கும் பொருந்தும்.

தொலைவு கூடக்கூட ஆபத்தும் கூடுவதைப் பாரிஸின் சார்லஸ் தெ கோல் விமான நிலையத்தில் 1993 முதல் 2000 வரை வந்திறங்கிய பதின்மூன்று கோடிக்கும் மேற்பட்ட பயணிகளைப் பற்றிய ஆய்வு தெளிவுபடுத்தியது. 5,000 கிலோமீட்டருக்குக் குறைவாகப் பறந்தவர்களிடையே கடுமையான நுரையீரல் தமனி அடைப்பு பத்து லட்சத்துக்கு 0.01 என்ற அளவிலும், 5,000 கிலோமீட்டருக்கு மேல் 1.5 என்ற அளவிலும், 10,000 கிலோமீட்டருக்கு மேல் 4.77 என்ற அளவிலும் இருந்தது. பன்னாட்டு நிறுவனங்களின் ஊழியர்களிடையே நடந்த மற்றோர் ஆய்வில், நான்கு மணி நேரத்தைத் தாண்டிய 4,656 பயணங்களுக்கு ஒன்று என்ற விகிதத்தில் உறைவு காணப்பட்டதோடு, குறுகிய காலத்துக்குள் பல பயணங்களை மேற்கொண்டோரிடம் அது மிகுந்திருந்தது. அடிக்கடி பறப்போர் கருத வேண்டிய முதன்மையான செய்தி இதுவே: ஒரு பயணத்தின் தாக்கம் கால் தரையில் பட்டதும் முடிந்துவிடுவதில்லை. உறைவு பெரும்பாலும் பயணத்துக்குப் பின்வரும் ஓரிரு வாரங்களில் தோன்றுகிறது. கூடிய வாய்ப்பு முற்றிலும் தணிய எட்டு வாரங்கள் வரை ஆகலாம். அதற்குள் அடுத்த நெடும் பயணத்தை மேற்கொள்பவருக்கு இரு பயணங்களின் தாக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கிறது.

விமானத்தின் உட்காற்றழுத்தம் கடல்மட்டத்திலிருந்து 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் உள்ளதற்கு ஒப்பாக வைக்கப்படுகிறது. அந்த அளவு ஆக்சிஜன் குறைவு மட்டுமே உறைவைத் தூண்டுமா என்பதைச் சோதிக்க, ஆரோக்கியமான 73 பேரைத் தரையிலேயே தாழ்அழுத்த அறையில் அமர்த்தி நடத்திய ஆய்வின் முடிவு 2006-இல் வெளியானபோது, அதில் அத்தகைய விளைவு எதுவும் காணப்படவில்லை. மறுபுறம், எட்டு மணி நேரம் உண்மையாகவே பறந்த தன்னார்வலர்களை வைத்து அதே ஆண்டில் வெளியான ஆய்வு, மரபுவழி உறைவு நாட்டம் உடையவர்களும் கருத்தடை மாத்திரை உட்கொள்பவர்களுமான சிலரிடம் உறைதல் செயல்பாடு தூண்டப்பட்டதைக் காட்டியது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால், பொதுவாக யாருக்கும் முதற்காரணம் அசையாதிருத்தலே என்பதும், உடலில் முன்பே நாட்டம் உள்ளோருக்கே பறத்தல் கூடுதல் சுமையாகிறது என்பதும் புலப்படும். உடலில் நீர் குறைவதே காரணம் என்று பரவலாகச் சொல்லப்படும் கருத்துக்கும் வலுவான ஆதாரம் இல்லை.

3. விமானிகளின் தனி நிலை

வாழ்நாளின் பெரும்பகுதியை ஆகாயத்தில் அமர்ந்தே கழிக்கும் விமானிகளுக்கு இந்நோய் மற்றவரைவிட மிகுதியாக வரும் என்று எண்ணுவது இயல்பு. நெதர்லாந்தைச் சேர்ந்த 2,630 வணிக விமானிகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வு இதற்கு மாறான விடையைத் தந்தது. மொத்தம் 20,420 ஆள்-ஆண்டுகளில், அதாவது ஒவ்வொரு விமானியும் கண்காணிப்பில் இருந்த ஆண்டுகளைக் கூட்டி வரும் தொகையில், ஆறு பேருக்கே சிரை உறைவு ஏற்பட்டிருந்தது. ஆயிரம் ஆள்-ஆண்டுகளுக்கு 0.3 என்ற இவ்விகிதம் அந்நாட்டுப் பொதுமக்களின் விகிதத்தைவிடக் கூடுதல் அன்று. பறந்த மணிகளின் எண்ணிக்கை கூடியதால் நோய் கூடியதாகவும் தெரியவில்லை.

விமானிகள் கடுமையான மருத்துவச் சோதனைக்குப் பின் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். ஆண்டுதோறும், குறிப்பிட்ட வயதுக்குப் பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மீண்டும் சோதிக்கப்படுகின்றனர். அவர்களது இருக்கை முன்பின்னும் மேல்கீழும் நகர்த்தத்தக்கது. நெடும் பயணங்களில் படுத்து ஓய்வெடுக்கத் தனியிடமும் உண்டு. ஆகையால் இவ்வாய்வின் ஆறுதலான முடிவை நடு இருக்கையில் அடைபட்டுச் செல்லும் பயணிக்கு அப்படியே பொருத்துவது தவறாகும். விமானிகளும் விமானப் பணியாளர்களும்கூட, அடுத்த பணி தொடங்கும் ஊருக்குப் பயணியர் இருக்கையில் அனுப்பப்படும்போது, அந்நேரத்துக்கு மற்றப் பயணிகளைப் போன்றவர்களே; அப்போது சீருடை அணிந்திருப்பது கால்களுக்கு எவ்விதப் பாதுகாப்பையும் தந்துவிடாது.

4. தடுப்பூசியால் அரிதாக நேர்ந்த உறைவு

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் அஸ்ட்ராஜெனெகா நிறுவனமும் உருவாக்கி, இந்தியாவில் புனேயின் சீரம் நிறுவனம் கோவிஷீல்டு என்ற பெயரில் தயாரித்த தடுப்பூசியும், அமெரிக்காவின் ஜான்சன் அண்டு ஜான்சன் தடுப்பூசியும், தீங்கற்றதாக மாற்றப்பட்ட அடினோ வைரஸைக் கடத்தியாகக் கொண்டவை. இவற்றைப் போட்டுக்கொண்டோருள் மிகச் சிலருக்கு இரத்த உறைவும், அதே வேளையில் தட்டணுக் குறைவும் சேர்ந்து தோன்றின. உறைதலுக்குத் துணைசெய்யும் சிறு இரத்த அணுக்களே தட்டணுக்கள். உறைவு மிகும்போது அவை குறைவது வழக்கத்துக்கு மாறான நிலை. ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டு நகரைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் கிரைனாகரின் குழுவும் நார்வே நாட்டு மருத்துவர் குழுவும் 2021 ஏப்ரலில் இதன் இயக்கத்தை விளக்கின. தட்டணுக்கள் வெளியிடும் ‘தட்டணுக் காரணி 4’ என்னும் புரதத்துக்கு எதிராக உடல் தவறுதலாக எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அவ்வெதிர்ப்பொருள் தட்டணுக்களைத் தூண்ட, அவை ஒன்றோடொன்று சேர்ந்து உறைகின்றன. அவ்வாறு செலவாகிவிடுவதால் இரத்தத்தில் அவற்றின் எண்ணிக்கையும் வீழ்கிறது. ஹெப்பாரின் என்ற உறைவுத் தடுப்பு மருந்தால் அரிதாக நேரும் ஒரு பக்கவிளைவும் இதே வகையினதே.

இவ்வியக்கத்தில் இரத்தத் தேக்கத்துக்கு இடமே இல்லை என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். இருக்கையில் அசையாது அமர்ந்திருத்தல் இவ்வெதிர்ப்பொருளை உண்டாக்குவதில்லை. நடந்து திரிவதும் அதைத் தடுப்பதில்லை. முன்பு ஆழ்சிரை உறைவு கண்டவருக்கோ மரபுவழி உறைவு நாட்டம் உள்ளவருக்கோ இந்தத் தடுப்பூசி விளைவு மிகுதியாக வந்ததாகவும் தெரியவில்லை. தடுப்பூசி போட்டவர் பறந்தால் இரத்தம் உறையும் என்ற கூற்று, தனித்தனியான இரு நோய்களைப் பெயரொற்றுமையால் ஒன்றாக்கியதன் விளைவு. அக்காரணம் கூறித் தடுப்பூசி போட்டோரை ஏற்றமாட்டோம் என்று உலகின் பெரிய விமான நிறுவனங்கள் எவையும் தடை விதிக்கவில்லை.

அதே வேளையில், இத்தீங்கு கற்பனையன்று. ஐரோப்பிய மருந்துகள் முகமை 2021 ஏப்ரல் 7-ஆம் நாள் இதை மிக அரிதான பக்கவிளைவாக ஏற்று அறிவித்தது. பிரிட்டனில் 220 நோயாளிகளை ஆராய்ந்த மருத்துவர்கள், 50 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு ஒருவருக்கும், அதற்குக் குறைந்த வயதினரில் 50,000 பேருக்கு ஒருவருக்கும் இது நேர்ந்ததாகக் கணித்தனர். நோய் கண்டோருள் 22 விழுக்காட்டினர் இறந்தனர். இதன் காரணமாக அந்நாடு 2021 ஏப்ரலில் 30 வயதுக்குக் குறைந்தோருக்கும், மே மாதத்தில் 40 வயதுக்குக் குறைந்தோருக்கும் மாற்றுத் தடுப்பூசியைப் பரிந்துரைத்தது. அமெரிக்கா ஜான்சன் தடுப்பூசியை 2021 ஏப்ரலில் சில நாட்கள் நிறுத்திவைத்து, 2022 மே மாதத்தில் அதன் பயன்பாட்டைச் சுருக்கியது. இந்தியாவில், 2021 மே மாதத்தில் வெளியான அரசுக் குழுவின் அறிக்கையின்படி, ஆய்வுக்கு எடுக்கப்பட்ட 498 கடும் நிகழ்வுகளுள் 26 உறைவு சார்ந்தவையாக இருக்கக்கூடும் எனக் கருதப்பட்டன. கோவிஷீல்டுக்கு இது பத்து லட்சம் தவணைக்கு 0.61 என்ற விகிதமாகும். பாரத் பயோடெக்கின் கோவாக்சினுக்குப் பின் அத்தகைய நிகழ்வு பதிவாகவில்லை என்றும் அவ்வறிக்கை தெரிவித்தது.

2024-ஆம் ஆண்டில் பிரிட்டன் நீதிமன்றத்தில் இவ்வகை உறைவைப் பற்றி அஸ்ட்ராஜெனெகா தாக்கல் செய்த ஆவணம் செய்தியானபோது, மூன்றாண்டுகளுக்கு முன் ஊசி போட்டவர்களிடையே பீதி மீண்டும் எழுந்தது. இவ்வரிய விளைவு பெரும்பாலும் ஊசி போட்ட நான்காம் நாளுக்கும் ஆறாம் வாரத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் தோன்றுவது. கோவிஷீல்டின் தயாரிப்பும் வழங்கலும் 2021 டிசம்பரிலேயே நிறுத்தப்பட்டுவிட்டதாக அதன் தயாரிப்பாளர் அறிவித்துள்ள நிலையில், அக்காலத்தில் ஊசி போட்டு நலமாயிருப்பவர் இன்று இந்நோயை எண்ணிப் பயணத்தைத் தவிர்ப்பதற்குக் காரணம் இல்லை; இதற்கென இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதும் வேண்டாத செலவாகும்.

5. தொற்றால் வரும் உறைவு

தடுப்பூசியின் தீங்கை எடைபோடும்போது, அது தடுக்க முயலும் நோயையும் தராசின் மறுதட்டில் வைக்க வேண்டும். இங்கிலாந்தில் தடுப்பூசி போட்ட 2.9 கோடிப் பேரின் தரவுகளை ஆராய்ந்து 2021 ஆகஸ்டில் வெளியான ஆய்வின்படி, அஸ்ட்ராஜெனெகா ஊசியின் முதல் தவணைக்குப் பின் ஒரு கோடிப் பேரில் கூடுதலாக 66 பேர் சிரை உறைவால் மருத்துவமனையில் சேரவோ இறக்கவோ கூடும்; கொரோனா தொற்றுக்குப் பின் அவ்வெண்ணிக்கை 12,614. ஸ்வீடனில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தொற்றாளரை ஆராய்ந்து 2022-இல் வெளியான ஆய்வு, ஆழ்சிரை உறைவின் கூடுதல் வாய்ப்பு தொற்றுக்குப் பின் மூன்று மாதம் வரையும், நுரையீரல் தமனி அடைப்பின் வாய்ப்பு ஆறு மாதம் வரையும் நீடிப்பதைக் கண்டது. ஆகவே அடிக்கடி பறப்பவர் தம் பயணக் குறிப்பில் ஊசி போட்ட நாளை எழுதி வைப்பதைவிட, கொரோனா தொற்று கண்ட நாளை எழுதி வைப்பது பயனுடையது. அதன்பின் வரும் சில மாதங்களில் நெடும் பயணம் நேர்ந்தால், பின்வரும் தற்காப்பு முறைகளை முழுமையாகக் கைக்கொள்ள வேண்டும்.

6. தடுப்பூசிக்குப் பின் பணிக்குத் திரும்புதல்

ஊசிக்குப் பின் காய்ச்சல், உடல்வலி, தலைசுற்றல் முதலியன ஓரிரு நாள் இருப்பது இயல்பு. பயணிக்கு அது சிறு தொல்லை. விமானிக்கோ முடிவெடுக்கும் ஆற்றலைக் குறைக்கும் இடையூறு. இதனாலேயே இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2021 மார்ச்சில் வெளியிட்ட சுற்றறிக்கை, கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட விமானிகளும் விமானப் பணியாளர்களும் 48 மணி நேரம் பறக்கத் தகுதியற்றவர் என வரையறுத்தது. அதன் பின்னும் அறிகுறி இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மருந்தின் துணையின்றி அறிகுறிகள் நீங்கினால் மட்டுமே பணிக்குத் திரும்பலாம். தகுதியின்மை 14 நாட்களைத் தாண்டினால் சிறப்பு மருத்துவச் சோதனை தேவை. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பும் 48 மணி நேர இடைவெளியையே விதித்தது. இவ்விதி உறைவை அஞ்சி ஏற்பட்டதன்று. ஊசியின் உடனடி விளைவுகள் பறக்கும் திறனைப் பாதிக்காதிருக்க வேண்டும் என்பதற்காகவே ஏற்பட்டது. எந்தத் தடுப்பூசியாயினும், பணிநாளுக்கு முன்தினம் போட்டுக்கொள்ளாமல் ஓய்வு நாட்களின் தொடக்கத்தில் போட்டுக்கொள்வதே விமானிக்கு நல்ல பழக்கம்.

7. கூடுதல் கவனம் தேவைப்படுவோர்

முன்பு சிரை உறைவு கண்டவர், அண்மையில் இடுப்பு அல்லது முழங்கால் அறுவை செய்துகொண்டவர், காலில் மாவுக்கட்டு இட்டிருப்பவர், புற்றுநோயாளர், கருவுற்றவர், அண்மையில் குழந்தை பெற்றவர், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை உட்கொள்பவர், உடற்பருமன் உள்ளவர், குடும்பத்தில் நெருங்கிய உறவினருக்கு இளவயதில் உறைவு ஏற்பட்டவர் ஆகியோருக்குப் பயணத்தின் ஆபத்து மற்றவரைவிடக் கூடுதல். நெதர்லாந்தின் ஒரு பெரிய ஆய்வில் 190 செ.மீ.க்கு மேல் உயரமானவரும் 160 செ.மீ.க்குக் குறைந்தவரும் விமானப் பயணத்தால் மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர். உயரமானவருக்கு முழங்காலை நீட்ட இடமில்லை, குள்ளமானவருக்குக் கால் தரையில் முழுதும் ஊன்றாமல் இருக்கையின் விளிம்பு தொடையை அழுத்துகிறது என்பது இதற்குரிய விளக்கம். அத்தகையவர் கைப்பையையோ கால்தாங்கியையோ பாதத்தின் கீழ் வைத்துக்கொள்வது நலம்.

8. பயணத்தின்போது கடைப்பிடிக்க வேண்டியவை

அ) இருக்கை: நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் இடைவழி ஓர இருக்கையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சன்னலோரம் அமர்ந்தவர், அயலாரைத் தொந்தரவு செய்ய விரும்பாமல், எழாமலேயே இருந்துவிடுவது வழக்கம். முன்னிருக்கையின் அடியில் பையை வைத்தால் கால் நீட்டும் இடம் போய்விடும் என்பதால் அதை மேல்தட்டில் வைக்க வேண்டும்.

ஆ) கால் அசைவு: ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, குதிகாலைத் தரையில் ஊன்றி விரல்களை மேலே இழுத்தும், பின் விரல்களை ஊன்றிக் குதிகாலை உயர்த்தியும் இருபது முறை செய்ய வேண்டும். கெண்டைக்கால் சதை இறுகித் தளர்வதைக் கையால் தொட்டு உணரும் அளவுக்கு அசைவு அமைய வேண்டும். பாதத்தை மட்டும் மெல்ல ஆட்டினால் சிரைகள் நசுங்குவதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் எழுந்து நடப்பது இதனினும் சிறந்தது. விமானிகள் துணை விமானியிடம் பொறுப்பை ஒப்படைத்த பின் இருக்கையைப் பின்தள்ளி, முழங்காலை முழுதும் நீட்டி இதே பயிற்சியைச் செய்யலாம்.

இ) அழுத்தக் காலுறை: கணுக்காலில் 15 முதல் 30 மி.மீ. பாதரச அளவு அழுத்தம் தரும் முழங்கால்வரைக் காலுறை, ஏழாம் பகுதியில் சொல்லப்பட்டோருக்குப் பரிந்துரைக்கத்தக்கது. விமானப் பயணிகளிடையே நடந்த ஒன்பது சோதனைகளைத் தொகுத்து நோக்கியபோது, ஸ்கேனில் மட்டும் தெரிந்த அறிகுறியற்ற உறைவு மொத்தம் 50 பேரிடம் இருந்தது. அவர்களுள் காலுறை அணிந்தோர் மூவர், அணியாதோர் 47 பேர். காலை எழுந்தவுடன், வீக்கம் ஏறுவதற்கு முன், கணுக்காலையும் கெண்டைக்காலையும் அளந்து அதற்கேற்ற அளவில் வாங்க வேண்டும். மேல்விளிம்பு சுருண்டு மடிந்தால் அதுவே கயிறு கட்டியது போல் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். காலில் தமனி அடைப்பு உள்ளவரும், நீரிழிவால் பாதத்தின் உணர்ச்சி குன்றியவரும் மருத்துவரைக் கேளாமல் இதை அணியலாகாது.

ஈ) மருந்தும் பானமும்: பயணத்துக்கென்று ஆஸ்பிரின் மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கத்தை மருத்துவ வழிகாட்டுதல்கள் ஆதரிக்கவில்லை, சிரை உறைவைத் தடுப்பதில் அதன் பயன் உறுதியற்றது, வயிற்றில் இரத்தக் கசிவை அது உண்டாக்கக்கூடும். உறைவுத் தடுப்பு மருந்து தேவையா என்பதை ஆபத்து மிகுந்த ஒவ்வொருவருக்கும் மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். தூக்க மாத்திரையும் மதுவும் கால்களை மணிக்கணக்கில் ஒரே நிலையில் கிடத்திவிடுவதால் தவிர்க்கத்தக்கவை. நீர் அருந்துவது நலம் பயப்பதே. ஆனால் நீர் அருந்தியதால் நடக்க வேண்டியதில்லை என்று கருதிவிடக் கூடாது.

9. அறிகுறிகளை அறிதல்

நீண்ட பயணத்துக்குப் பின் இரு கால்களும் சமமாக வீங்கி ஓரிரு நாளில் வடிவது பெரும்பாலும் தீங்கற்றது. ஒரு கால் மட்டும் வீங்குவதும், கெண்டைக்காலில் விடாத வலி, வெம்மை, சிவப்பு அல்லது நிறமாற்றம் தோன்றுவதும் ஐயத்துக்குரியவை. முழங்காலுக்குக் கீழே முன்புறம் துருத்தும் எலும்பு மேட்டிலிருந்து பத்து செ.மீ. கீழே தையல் நாடாவால் இரு கால்களையும் அளந்து, சுற்றளவில் மூன்று செ.மீ.க்கு மேல் வேறுபாடு காணப்பட்டால் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். அளவு வேறுபடாவிட்டாலும் வலி தொடர்ந்தால் காட்டுவதே முறை. டி-டைமர் என்ற இரத்தப் பரிசோதனையும் டாப்ளர் ஸ்கேனும் நோயை உறுதிப்படுத்தவோ விலக்கவோ உதவும். வீங்கிய காலை எண்ணெய் இட்டு நீவிவிடுவதால் கட்டி பெயர்ந்து நகரக்கூடும் என்பதால் அதை அறவே தவிர்க்க வேண்டும்.

திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது குத்தும் நெஞ்சுவலி, இருமலில் இரத்தம், மயக்கம் ஆகியவை நுரையீரல் தமனி அடைப்பின் அடையாளங்களாக இருக்கக்கூடும். தமிழ்நாட்டில் இருப்பவர் 108-ஐ அழைக்க வேண்டும். விமானத்தில் இருப்பவர் தரையிறங்கும் வரை காத்திராமல் பணியாளரிடம் உடனே தெரிவிக்க வேண்டும்.

அடினோ வைரஸ் வகைத் தடுப்பூசி போட்ட நான்கு நாள் முதல் ஆறு வாரத்துக்குள் கடுமையான, தணியாத தலைவலி, பார்வை மங்கல், விடாத வயிற்றுவலி, மூச்சுத்திணறல், ஊசி போட்ட இடத்துக்கு அப்பால் தோலில் சிறு சிவப்புப் புள்ளிகள் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால், ஊசியின் பெயரையும் நாளையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். அப்போது தட்டணு எண்ணிக்கை பார்க்கப்படுவதோடு, வழக்கமாகத் தரப்படும் ஹெப்பாரினைத் தவிர்த்து வேறு மருந்து தேர்ந்தெடுக்கப்படும். பயணத்தால் வந்த உறைவுக்குப் பயன்படும் மருந்து இங்குத் தீங்காகக்கூடும் என்பதால், காரணங்களைப் பிரித்தறிவதே மருத்துவர் சரியான சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க அடிப்படையாகிறது.

10. மறைத்தலின் ஆபத்து

விமானியின் வாழ்வாதாரம் அவரது மருத்துவச் சான்றிதழைச் சார்ந்தது. கால்வலியைச் சொன்னால் பணி போய்விடுமோ என்று அஞ்சி மறைக்கும் எண்ணம் எழுவது புரிந்துகொள்ளத்தக்கதே. பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகள், உடற்தகுதி குறைந்ததை அறிந்த விமானி அந்நிலையில் தம் உரிமத்தைப் பயன்படுத்தலாகாது என்கின்றன. உறைவு கண்டவர் முதலில் பறக்கத் தகுதியற்றவராகிறார் என்பது உண்மை. சிகிச்சை பெரும்பாலும் மூன்று மாதமேனும் நீடிக்கும் என்பதும், உறைவுத் தடுப்பு மருந்து உட்கொள்ளும்போது மருத்துவ மதிப்பீட்டாளரின் ஒப்புதலின்றிப் பறத்தல் கூடாது என்பதும் உண்மை. ஆயினும் அமெரிக்கா, பிரிட்டன் முதலிய நாடுகளின் விதிகளில், காரணம் கண்டறியப்பட்டு உடல்நிலை நிலைபெற்ற பின் நிபந்தனைகளுடன் பணிக்குத் திரும்ப வழி உண்டு. உரிய காலத்தில் சொல்லப்பட்ட உறைவு சில மாதப் பணியிழப்போடு முடியக்கூடியது. மறைக்கப்பட்ட உறைவோ விமானி அறையிலேயே அவரைச் செயலிழக்கச் செய்யக்கூடியது.

இவ்வகையில் விமான நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு. உடல்நலக் குறைவைத் தெரிவித்த பணியாளரின் ஊதியமும் பணிமூப்பும் பாதிக்கப்படாத ஏற்பாடு இருந்தால் மட்டுமே உண்மை வெளிவரும். தடுப்பூசியின் அரிய தீங்கைச் சொன்னால் மக்கள் அஞ்சுவர் என்று கருதி அதை மூடிமறைப்பதும் இதே வகைத் தவறே. எண்ணும் அறிகுறியும் காலவரம்பும் தெளிவாகச் சொல்லப்பட்ட இடத்தில் வதந்திக்கு வேலை குறைகிறது. நெடும் பயணத்துக்கு ஆயத்தமாகும் ஒவ்வொருவரும், விமானியாயினும் பயணியாயினும், தம் உடலில் எந்தக் காரணி உள்ளது என்பதை முன்பே அறிந்து, பயணத்தில் கால்களை அசைத்து, உரிய தடுப்பூசிகளை உரிய இடைவெளியுடன் போட்டுக்கொண்டு, ஐயம் எழுந்த அன்றே மருத்துவரைக் கண்டால், இவ்வத்தியாயத்தில் விவரிக்கப்பட்ட பயண உறைவைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். தவிர்க்க முடியாததையும் உயிருக்கு ஆபத்தாக முற்றுவதற்கு முன்பே கண்டறியலாம்.